களவா மீனுக்குக் கிணற்றுக் குளியல்

— டேய் வேம்புலி, தள்ளி நில்லுடா! டாக்டர் பாத்துகினு இருக்கும்போது தொட்டி மேல மூச்சு வுடாத!

— மூச்சுதான ஐயா வுட்டேன். அத்தயும் நிறுத்திட்டா மீனுக்கு முன்னால நான் போய்டுவேன்.

— இருக்கட்டும் காரியஸ்தரே. மீனைப் பத்திக் கேட்டுத் தெரிஞ்சுக்க எனக்கு ஆள் வேணும். அப்புறம் நான் டாக்டர் இல்ல. பூந்தமல்லி மாட்டாஸ்பத்திரியில கம்பவுண்டர். பேர் ஆனந்தன்.

— கோட்டு போட்டுகினு சைக்கிள்ல வர்றவர் எனக்கு டாக்டர்தான். இந்தக் கோவிந்தன் ஒருத்தரை டாக்டர்னு சொல்லிட்டா மாத்தமாட்டான், கேட்டுக்கோங்க. நீங்க ஊசி போடறீங்க இல்ல?

— மாட்டுக்குப் போடறேன். கடல் மீனை உயிரோட பாக்கறதே இன்னிக்குத்தான்.

— பாத்து ஏதாவது பண்ணுங்க! எசமான் நாலு மணி வண்டியில அம்பத்தூர்ல எறங்கறாரு. ஜப்பான்காரன் பட்டணத்து மேல குண்டு போடுவான்னு ஊரே ஓடினப்ப, அவரு பெட்டி படுக்கையக் கூட அப்புறமாத்தான் அனுப்பிச்சாரு. இந்தக் கண்ணாடித் தொட்டிதான் மொதல்ல இந்தத் தோட்டத்து பங்களாவுக்கு வந்துச்சு. மொத்தம் பன்னெண்டு மீனு. ஒரே மாசத்துல ஆறு செத்துப்போச்சு. நான் இன்னா பதில் சொல்றது?

— நீங்க இன்னா சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும் ஐயா. வேம்புலி கை பட்டுச்சு, மீனு பூட்ச்சுன்னு சொல்லுவீங்க.

— ஆமாண்டா, அதத்தான் சொல்லப் போறேன்! நாளையிலருந்து நீ பழையபடி களத்துக்குப் போவப் போற, அதயும் சொல்லிட்டேன்.

— கடலுக்குத் தீட்டு கெடயாதுன்னு சொல்லித்தான ஐயா என்னை இந்த வேலைல வெச்சீங்க? உங்க ஆளுங்க ஒருத்தரும் மீனைப் புடிக்க மாட்டேன்னு ஓடினாங்களே.

— தண்ணிக்குத் தீட்டு இல்லடா. மீனுக்கு உண்டு.

— கேட்டீங்களா சாமி ஞாயத்த!

— ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. வேம்புலி, நீ சொல்லு. சாகறதுக்கு முன்னால மீன் என்ன பண்ணுச்சு? ஒண்ணு விடாம சொல்லு.

— மொதல்ல ஒரசும் சாமி. சொறி நாய் செவுத்துல ஒரசும் பாருங்க, அது மாரி அந்தக் கல்லுல போய் சரக்கு சரக்குனு ஒரசும். அப்பால கண்ணுல பால் ஊத்தினா மாரி வெள்ள பூத்துடும். அப்பால செவுளு படபடன்னு அடிச்சிக்கும், துன்றத நிறுத்திடும். இதோ இந்தக் களவா கீது பாருங்க, என் கையாலதான் எறா துன்னும். மூணு நாளா வாயே தொறக்கல. எனக்கும் சோறு எறங்கல சாமி.

— மேல புள்ளி ஏதாவது பாத்தியா? உப்பு தூவின மாதிரி வெள்ளை வெள்ளையா?

— இல்ல சாமி. நான் பொழுதன்னிக்கும் பாத்துகினுதான் கீறேன். ஒரு புள்ளியும் கெடயாது.

— அதான் எனக்கும் புரியல. புள்ளி இருந்தா அது ஒரு தினுசு வியாதி, மயில்துத்தம் போட்டுப் பாக்கலாம்னு கையில எடுத்துகிட்டு வந்தேன். பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தாலும் இந்தக் களவா உடம்புல ஒண்ணுமே இல்ல. ஆனா தோல் சிவந்திருக்கு. ஏதோ கடிக்குது. கண்ணுக்குத் தெரியாம கடிக்குது.

— அதான் டாக்டரே நானும் சொல்றேன். கண்ணுக்குத் தெரியாதது எதுன்னு நெனைக்கறீங்க? தீட்டுதான்!

— காரியஸ்தரே, அந்த மூலையில ஒரு மீன் நல்லா சுத்துதே. மஞ்சப் பட்டை போட்டது. அது ஒரசவே இல்லையே?

— அது வண்ணாத்தி மீனு சாமி. அதுவும் ஒரசிகினுதான் இருந்துச்சு. ஒரு வாரமா நல்லாக்கீது. நல்லா துன்னுது.

— ஒரு வாரமாவா? போன வாரம் என்ன பண்ணீங்க அதுக்கு?

— அத்த ஐயாவயே கேளுங்க. நான் சொன்னா என் வாயில போடுவாரு.

— சொல்றதுக்கு இன்னா! நான்தான் அதைப் பொழைக்க வெச்சேன். இவன் அதைக் கையில புடிச்சு கண்ணைத் திருப்பித் திருப்பிப் பாத்துகினு இருந்தான். எனக்குப் பொறுக்கல. வலையில வாங்கி, ஒரு குண்டான் நெறைய கெணத்துத் தண்ணி மொண்டு, துளசி ரெண்டு இலை கிள்ளிப் போட்டு, தீட்டுக் கழிய அதுல வுட்டு வெச்சேன். நூத்தியெட்டு தபா சாமி பேரைச் சொன்னேன். அப்பால திருப்பித் தொட்டியில வுட்டேன். இன்னிக்குப் பாருங்க, மாப்ளை மாரி சுத்துது!

— கடல் மீனைக் கிணத்துத் தண்ணியில விட்டீங்களா?

— ஏன், தப்பா?

— செத்துப்போயிருக்கணும்! சாகலையா?

— ரவ நேரம் ஒரு பக்கமா சாஞ்சுகினு கெடந்துச்சு சாமி. நான் அழுதுட்டேன். அப்பால எழுந்துகிச்சு. ஆனா சாமி, ஒண்ணு சொல்லவா? ஐயா அந்தத் தண்ணிய வாழ மரத்துல ஊத்தறப்ப நான் பாத்தேன். குண்டான் அடியில வெள்ள வெள்ளயா கெடந்துச்சு. அரிசி நொய்யி மாரி.

— என்னது?

— நொய்யி சாமி. முப்பது நாப்பது இருக்கும். தட்டத் தட்டயா.

— அதான் தீட்டு எறங்கினது! உரிஞ்சு வந்துச்சு, நானே என் கண்ணால பாத்தேன்!

— காரியஸ்தரே, உங்களைக் கட்டிப் புடிச்சுக்கலாம் போல இருக்கு! ஐயோ, அது தீட்டு இல்ல. ஏதோ ஒரு பிராணி. கடல் தண்ணியில கண்ணாடி மாதிரி இருந்திருக்கு, மீன் மேல ஒட்டிகிட்டுத் தெரியாம இருந்திருக்கு. நல்ல தண்ணி பட்டதும் வெளுத்துப்போய் விழுந்திருக்கு! மணி என்ன?

— ரெண்டரை இருக்கும். எதுக்கு?

— களவாவைக் குளிப்பாட்டப் போறோம். பெரிய பாத்திரம் வேணும். ஜல்தி!

— மாட்டுக்குத் தண்ணி காட்டற இரும்புத் தொட்டி கீது சாமி. காலிதான். தோ, இழுத்தாறேன்.

— டேய், நீ எதயும் தொடாத! இன்னிக்கு வைத்தியம் முடியற வரைக்கும் உன் கை எதுமேலயும் படக் கூடாது. டாக்டரே, தொட்டியை நீங்க இழுத்துக்கோங்க. கெணறு தோ அங்க கீது, ராட்டினத்துல கயிறு கீது, நீங்களே மொண்டுக்கோங்க. எனக்கு இடுப்புல புடிப்பு, குனிய முடியல.

— நான் மொள்ளலாமா?

— இன்னா கேள்வி இது! உங்க ஊட்டுக் கெணறு மாரி நெனச்சுக்கோங்க.

— சரி. மொள்றேன்.

— எட்டு கொடம் போதும் சாமி. ஆனா ஒடனே வுட்டுடாதீங்க. கெணத்துத் தண்ணி சில்லுனு கீது, தொட்டித் தண்ணி வெதவெதன்னு கீது. வெயில்ல ரவ நேரம் வைங்க. கைய வெச்சா ரெண்டும் ஒரே மாரி இருக்கணும். இல்லாங்காட்டி மீனு வெறச்சுக்கும்.

— பலே! இது எனக்குத் தோணலையே.

— பூரா நேரமும் அது கூடவே கீறேனே சாமி.

— போதுண்டா பெருமை. டாக்டரே, தொட்டுப் பாத்தேன், இப்ப வெதவெதன்னு ஆயிடுச்சு. களவாவைப் புடிங்க.

— எப்படிப் பிடிக்கறது? முதுகுல முள்ளு நிமிர்ந்து நிக்குது!

— கைய நனச்சுக்கோங்க சாமி. காஞ்ச கையால தொட்டா மேல கீற வழவழப்பு பூடும். ஆங். இப்ப தலைலருந்து வாலுப் பக்கமா தடவிகினே வாங்க, முள்ளு தானா மடங்கும். அப்டித்தான். வயித்துக்கு அடியில இன்னொரு கை. அழுத்தாதீங்க! கொழந்தையத் தூக்கறா மாரி தூக்குங்க.

— வந்துடுச்சு! ஐயோ, என்ன கனம்! வேம்புலி, நீ எண்ண ஆரம்பி. நிதானமா முந்நூறு வரைக்கும். விடறேன்!

— ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு...

— டாக்டரே, அடிச்சுக்குது! தண்ணியெல்லாம் என் வேட்டி மேல!

— அடிச்சுக்கட்டும். கவனிங்க, உடம்பைக் கவனிங்க.

— இருவத்தி ரெண்டு. இருவத்தி மூணு. சாமி, சாயுது! மல்லாந்துக்குது!

— எடுத்துடுங்க டாக்டரே! செத்துச்சுன்னா என் தலை போவும்!

— செவுள் அடிக்குது, உயிர் இருக்கு. வேம்புலி, நீ சொல்லு, எடுக்கட்டுமா? இந்த மீனை உனக்குத்தான் தெரியும்.

— வாணாம் சாமி, வைங்க. வண்ணாத்தியும் இப்டித்தான் சாஞ்சுது. நாப்பத்தி எட்டு. நாப்பத்தி ஒம்பது. ராஜா, ரவ பொறுத்துக்கடா. அம்பது.

— அதோ! கண்ணுக்குப் பக்கத்துல!

— இன்னா, இன்னா?

— வெளுக்குது! இப்பதான் ஒண்ணுமே இல்லாம இருந்த எடம், வெள்ளையா ஒரு வட்டம் எழும்புது பாருங்க! அதோ வயித்துல ஒண்ணு! வால்கிட்ட... ஆகா, ஒண்ணா ரெண்டா, உடம்பு பூரா!

— அடேங்கப்பா! எங்கடா இருந்துச்சு இத்தினியும்?

— நூத்தி பதினாலு. உழுது சாமி, உழுது! ஒண்ணு அடியில பூட்ச்சு! இன்னொண்ணு! ஐயோ சாமி, கொட்டுது! எண்ண முடியல, எதை எண்றது, புழுவையா நேரத்தையா?

— நேரத்தை எண்ணு! நான் புழுவைப் பாத்துக்கறேன். காரியஸ்தரே, ஒண்ணை இந்தத் தட்டுல எடுத்தாச்சு. வாங்க, பூதக்கண்ணாடியில பாருங்க. ஆட்டு ஈரலை அறுத்தா உள்ள இலை மாதிரி தட்டைப் புழு இருக்குமே, பாத்திருக்கீங்களா? அதுக்குச் சொந்தக்காரன் இது! அச்சு அசல்! முன்னால வாய் மாதிரி ரெண்டு, பின்னால பெரிய கிண்ணம் மாதிரி ஒண்ணு. அதாலதான் கவ்விப் புடிச்சுகிட்டு இருந்திருக்கு. கிண்ணத்துக்குள்ள கொக்கி கூட இருக்கு!

— கொக்கியா? எங்க, காட்டுங்க. ஐயையோ! அசையுது டாக்டரே! எனக்கு ஒடம்பெல்லாம் அரிக்குது!

— தீட்டுக்கு வாய் இருக்குமா காரியஸ்தரே? கொக்கி இருக்குமா?

— இருநூத்தி தொண்ணூத்தி எட்டு. ஒம்பது. முந்நூறு! எடுங்க சாமி!

— எங்க விடறது? பழைய தொட்டியில வேணாம், அதுல இன்னும் புழு இருக்கும்.

— காலைல காசிமேட்டுலருந்து வண்டியில வந்த கடல் தண்ணி, அந்தப் பீப்பால அப்டியே கீது. புதுத் தண்ணி. அதுல வுடுங்க. தலைய முன்னால நீட்டி வுடுங்க, செவுள்ல தண்ணி ஏறட்டும்.

— விட்டாச்சு. நீந்து, நீந்துப்பா. அடியில போய்ப் படுத்துடுச்சே.

— ரவ இருங்க சாமி.

— டாக்டரே, அசையலயே?

— வேம்புலிதான் இருங்கன்றான் இல்ல.

— வால் ஆடுது! ஆடுது சாமி! எழுந்துகிச்சு! தோ வருது பாருங்க, மேல வருது, என்னத்தான் பாக்குது! எறா கேக்குது சாமி! மூணு நாளு கழிச்சு எறா கேக்குது!

— போடு, போடு! ஒண்ணு போடுடா!

— என் கைல தொடக் கூடாதுன்னீங்களே ஐயா?

— தூரத்துலருந்து தூக்கிப் போடு!

— துன்னுடுச்சு! கவ்விக்கிச்சு பாத்தீங்களா! என் ராஜா!

— அழாத வேம்புலி. எனக்கும் கண்ணு கலங்குது. காரியஸ்தரே, மீதி அஞ்சையும் விடக் கூடாது. வண்ணாத்தி உட்பட. ஒவ்வொண்ணுக்கும் புதுசா தண்ணி மொள்ளணும், மணியைப் பாத்துகிட்டே இருங்க.

— மொள்ளுங்க, மொள்ளுங்க! நான் கயிறு வழுக்காம பாத்துக்கறேன்.

— அடுத்தது பேத்தை மீனு சாமி. பாத்துப் புடிங்க. பயந்துச்சுன்னா வயித்த ஊதிக்கும், காத்து புடிச்சுக்கப் போவுது. தண்ணிக்குள்ளயே கிண்ணத்தால மொண்டு எடுங்க.

— ஆச்சு. எண்ணு.

— ஒண்ணு. ரெண்டு...

— ஆறும் ஆச்சு. உழுந்த புழு, பேத்தைக்குப் பதினெட்டு. அந்த ரெண்டு ஓரா மீனுக்கும் சேத்து அம்பது. சின்ன களவாவுக்கு முப்பத்தி மூணு. வண்ணாத்திக்கு நாலே நாலுதான். நீங்க போன வாரம் பண்ணதுதான் அதைக் காப்பாத்தி இருக்கு காரியஸ்தரே.

— பாத்தியாடா? பாத்தியா? நான் போட்ட துளசி!

— துளசி இல்ல. தண்ணி.

— ஏதோ ஒண்ணு. ஆறும் பொழைச்சுகிச்சு! எனக்குக் குதிக்கணும் போல கீது, இடுப்புதான் வுட மாட்டேங்குது.

— முழுசா முடியல. ஈரல் புழு மாதிரி இதுவும் முட்டை போட்டிருக்கும். முட்டையை நல்ல தண்ணி ஒண்ணும் பண்ணாது. கண்ணாடித் தொட்டியைக் காலி பண்ணித் தேய்ச்சு, கல்லு மணலு எல்லாத்தையும் ரெண்டு நாள் வெயில்ல காய வைங்க. எட்டு நாள் கழிச்சு மறுபடியும் ஆறுக்கும் குளியல். வலையைக் கூட காய வைக்கணும். இதை வேம்புலிதான் செய்யணும், வேற யாருக்கும் இந்த மீன்களைத் தெரியாது.

— சாமி, ஒண்ணு கேக்கலாமா? இந்தப் புழு எங்கருந்து வந்துச்சு? மொதல்ல எல்லாம் நல்லாத்தான இருந்துச்சு.

— புது மீன் ஏதாவது நடுவுல விட்டீங்களா?

— கிளி மீனு. பச்சக் கலருல ஒண்ணு. அது வந்த பத்தாம் நாளுதான் ஒரசல் ஆரம்பிச்சுது. மொதல்ல செத்ததும் அதான்.

— அதேதான்! அது மேல ஒட்டிகிட்டு வந்திருக்கு! புதுசா வர்றதைத் தனியா வெச்சுப் பாத்துட்டுத்தான் சேக்கணும். யார் கொண்டாந்து விட்டது?

— அது கெடக்கட்டும் டாக்டரே, மணி ஆயிடுச்சு.

— யார் விட்டதுன்னு கேட்டேன்.

— ஐயாதான் சாமி. காசிமேட்டுலருந்து அவரே கொடத்துல தூக்கியாந்து அவரே கையால வுட்டாரு. பீப்பால தனியா வுடுவோம் ஐயா, இதோட கண்ணு நல்லால்லன்னு நான் சொன்னேன். எனக்கே புத்தி சொல்றியான்னு அடிக்க வந்தாரு.

— டேய்! எசமான் கேட்டாரேன்னு ஆசையா வாங்கியாந்தேன். எனக்கு இன்னா தெரியும்? அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, கேட்டுக்கோங்க டாக்டரே.

— சம்பந்தம் இல்லையா? இப்பதானே உங்க கண்ணால புழுவைப் பாத்தீங்க?

— பாத்தேன். இல்லன்னு சொல்லல. ஆனா புழு எல்லார் ஊட்லயும்தான் கீது. எங்க தங்குது? தீட்டு பட்ட எடத்துலதான் தங்குது. அங்க கேளுங்க, ரயிலு ஊதுது. எசமான் எறங்கிட்டாரு. ஜட்கா வர அஞ்சு நிமிசம்கூட ஆவாது. டேய், நீ பின்பக்கமா போய்டு.

— எசமான்கிட்ட இன்னா சொல்லுவீங்க ஐயா?

— இருக்கறத சொல்லுவேன். உன் கை பட்டுச்சு, ஆறு போச்சு. டாக்டர் கை பட்டுச்சு, ஆறு பொழைச்சுது. இதுல எது பொய்?

— காரியஸ்தரே, நான் பண்ணது எல்லாம் அவன் சொல்லிக் கொடுத்தது. தண்ணியை வெயில்ல வைக்கச் சொன்னது அவன். முள்ளு மடங்கப் பிடிக்கச் சொன்னது அவன்.

— வாயால ஆயிரம் சொல்லலாம் டாக்டரே. கைதான் பேசுது. நல்ல கையின்னு ஒண்ணு உண்டு. நீங்க மொண்ட தண்ணி, நீங்க புடிச்ச மீனு. ஒண்ணாவது செத்துச்சா? அந்தக் கைக்குப் பொறப்புலயே ஒரு சுத்தம் கீது. எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சுடும். இத்தினி வருசம் ஆளுங்கள வெச்சு வேலை வாங்கறேன், கேட்டுக்கோங்க, எந்தக் கை எந்த வம்சம்னு நான் தூரத்துலருந்தே சொல்லிடுவேன்.

— இதை எசமான் முன்னாலயும் சொல்லுவீங்களா?

— தாராளமா! சாமி மேல சத்தியம் பண்ணுவேன். டாக்டர் கையி நல்ல கையி, இவன் நாளைக்குக் களத்துக்குப் போவட்டும்னு அவர் காது கேக்க சொல்லுவேன்.

— கிளி மீனைப் பத்தி?

— அத எதுக்கு இப்ப? செத்தது செத்துப்போச்சு. தோ, ஜட்கா வாசல்ல வந்து நின்னுடுச்சு.

— நல்லது. எசமான் உள்ள வரட்டும். நானும் அவர்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

— வாணாம் மாமா! நான் களத்துக்கே போறேன், எனக்கு ஒண்ணும் கொறஞ்சு பூடாது. நாளைக்கு எவன் தொழுவத்துல உன்ன உள்ள வுடுவான்? அக்கா புள்ளைங்கள நெனச்சுப் பாரு! சொம்மா இரு மாமா!

— மாமாவா? எவனப் பாத்துடா மாமான்ற? டாக்டரே, இவன் இன்னா ஒளர்றான்?

— ஒளரல ஐயா. இவன் அக்காவத்தான் நான் கட்டிகினு கீறேன், எங்க ஊடு வேப்பம்பட்டு சேரியில கீது. எசமான் தோ வந்துட்டாரு, அந்த நல்ல கையைப் பத்தி இப்ப சொல்லுங்க.